நேரில் ஆஜர்

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் வங்கிக்குப் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வழக்கம். லைஃப் சர்டிபிகேட் என்று பெயர். முப்பது வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தக் காகிதத்தை வாங்கியவன் நான். 2001-ல் வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். எதிரே நிற்கிற ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் உயிரோடிருப்பதாகச் சீல் குத்துகிற கலையை எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் விட்டுவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள்.

2013 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, லண்டன் ஹைட் பார்க்கில் அறுபத்தைந்தாயிரம் பேரோடு நான் வெயிலில் நின்றதும் ஏறக்குறைய இதே வேலைக்குத்தான். மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ். மிக் ஜாகருக்கு எழுபது நிறைய இன்னும் சில நாள்தான் பாக்கி. கீத் ரிச்சர்ட்ஸுக்கு அறுபத்தொன்பது. டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸுக்கு எழுபத்திரண்டு. ரான்னி வுட் அறுபத்தாறு, குழுவிலேயே பொடிப்பயல். ஜாகர் தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருந்திருந்தால் ஐம்பத்தெட்டு வயதிலேயே சந்தன மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, ஆபீஸ் ஜீப்பில் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். இங்கே மனிதர் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். அவரைவிட ஆறேழு வயது சின்னவனான நான், முழங்காலுக்கு நீ-கேப் மாட்டிக்கொண்டு, எங்கேயாவது சாய்ந்து நிற்க ஒரு கம்பி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் எடுத்தது மகள். விலையைச் சொல்லவில்லை. அதில் அச்சடித்திருந்ததை நானே படித்துவிட்டேன். நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வங்கிக்காரன் மனசு உடனே ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தது. ஆளுக்கு ஒன்பதாயிரத்தைத் தொட்டது. இத்தனைக்கும் இதே பார்க்கில், இதே குழு, 1969 ஜூலை 5-ந் தேதி பாடியபோது அனுமதி இலவசம். நாற்பத்து நாலு வருஷம் தாமதமாகப் போனதற்கு அபராதம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு இந்த வகைப் பாட்டு ஆகாது. பி.சுசீலாவுக்குப் பிறகு யாரும் பாடத் தேவையில்லை என்பது அவள் கட்சி. வாசலில் நுழைந்ததுமே, சுற்றியிருந்த பெரியவர்களின் டி-ஷர்ட்டில் சிவப்பாகத் தொங்கிய நாக்கைப் பார்த்து, "ஏங்க, காளி நாக்கு மாதிரி இல்ல இருக்கு?" என்றாள். சும்மா சொன்னதுதான். ஆனால் அதுதான் உண்மை. ஜான் பாஷ் என்கிற ஓவிய மாணவரைக் கூப்பிட்டு ஜாகர் காட்டிய படமே காளியின் நாக்கு. அதை வைத்துத்தான் பாஷ் ஸ்டோன்ஸின் இந்தச் சின்னத்தை வரைந்தார். கூலி ஐம்பது பவுண்டு. 2008-ல் அந்த மூலப் படத்தை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கியது. இதையெல்லாம் நான் சொன்னதும், "அப்ப கும்பிட்டுக்கலாம் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவளுக்கும் டிக்கெட் விலைக்கும் சமாதானமாகிவிட்டது.

எனக்கும் இந்தக் கூட்டத்துக்கும் உறவு ஏற்பட்டது 1965-ல், கும்பகோணத்தில். அப்பா தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ. அதற்கு அம்மா பின்னிய உறை, தபால் ஆபீசில் வருஷாவருஷம் கட்டிப் புதுப்பிக்கிற லைசென்ஸ் புத்தகம், சுவருக்குச் சுவர் கட்டிய வலை ஏரியல் எல்லாம் உண்டு. குமிழைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேறி, பச்சை விளக்கு கண் விழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அப்புறம்தான் பேசும். ரேடியோ சிலோனில் மயில்வாகனன் குரல் கேட்கிற வரைக்கும் வீடே சேர்ந்து கேட்கும். அப்பா காவேரிப் பக்கம் நடக்கப் போன பிறகு நான் முள்ளை நகர்த்துவேன். அதே இலங்கையின் ஆங்கில ஒலிபரப்பு. வெர்னன் கோரியா, டிம் ஹார்ஷிங்டன். அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியாது. பாட்டில் முக்கால்வாசி புரியாது. அந்த வயதில் அது பெரிய சௌகரியம்.

ஒருநாள் நடைக்குப் போன அப்பா மழை தூறியதால் பாதியில் திரும்பிவிட்டார். ரேடியோவில் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்'. ஆரம்பத்தில் வருகிற கிடார் அப்படியே தகரத்தை அறுக்கிற மாதிரி உறுமும். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுடா. அணை, அணை" என்று பதறினார். மறுநாளே ரேடியோ மெக்கானிக் வந்து, பின்பலகையைக் கழற்றி, ஊதி, துடைத்து, ஒரு வால்வை மாற்றிப் பதினோரு ரூபாய் வாங்கிப் போனார். ரேடியோ சுத்தமாகப் பாடியது. அடுத்த வாரம் மறுபடி அதே பாட்டு, அதே உறுமல், மறுபடி மெக்கானிக். இந்தத் தடவை அவர் பாட்டு முடிகிற வரை காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "சார், இது மெஷின் கோளாறு இல்ல. பாட்டுக் கோளாறு" என்று சொல்லிவிட்டு, அதற்கும் ரெண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்த மெக்கானிக்கை நான் இசை விமரிசகராகவே மதிக்கிறேன். கீத் ரிச்சர்ட்ஸே ஏறக்குறைய அவர் கட்சிதான். அந்த இடத்தில் ஊதுகருவிகள் வர வேண்டும் என்பது கீத்தின் எண்ணம். அதுவரைக்கும் அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று, கிடாரின் ஒலியைக் கிழிசலாக்குகிற ஒரு பெட்டியை மாட்டி வாசித்து வைத்தார். அதையே இசைத்தட்டாக வெளியிட்டுவிட்டார்கள். உலகப் புகழ் பெற்றுவிட்டது. அந்த மெட்டு பிறந்த விதமோ இன்னும் மோசம். தூக்கத்தில் எழுந்து, பக்கத்தில் இருந்த கேசட் ரிக்கார்டரில் வாசித்து வைத்துவிட்டு மறுபடி படுத்துவிட்டாராம். காலையில் போட்டுப் பார்த்தால் மெட்டு ரெண்டு நிமிஷம், குறட்டை நாற்பது நிமிஷம். அவரே சொன்னதுதான். என் குறட்டைக்கு முன்னால் ஏதாவது மெட்டு வருகிறதா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை இல்லை.

அந்தக் காலத்தில் மேல்நாட்டு அடியை எங்கள் ஊருக்கு இறக்கிக் கொடுத்தவர் எம்.எஸ்.வி. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது, டிரம்ஸும் கிடாரும் ஒரு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு சந்தோஷம் என்று தஞ்சாவூர் ஜில்லாவே தெரிந்துகொண்டது. அதை ரசித்த அப்பாவுக்கு ஸ்டோன்ஸ் மட்டும் ரிப்பேராகத் தெரிந்தது ஏன் என்று அவரிடம் கேட்கிற தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ஹைட் பார்க்குக்கு வருவோம். மேடையின் இருபுறமும் நிஜம் போலவே பெரிய ஓக் மரங்களைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் கவலை வந்துவிட்டது. கீத்தையும் மரத்தையும் பக்கத்தில் விடலாமா? 2006-ல் ஃபிஜித் தீவில் மரத்திலிருந்து விழுந்து, நியூசிலாந்தில் மண்டையில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆள். பத்திரிகைகள் தென்னை மரம் என்று எழுதிவிட்டன. தன் சுயசரிதையில் அவர் அதை மறுத்தார். தென்னையெல்லாம் இல்லை, தாழ்வான ஏதோ ஒரு கோணல் மரமாம். மறுக்காமலே இருந்திருக்கலாம். தென்னையிலிருந்து விழுந்தால் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு.

கீத்தின் கிடாரில் சில பாட்டுகளுக்கு ஐந்தே தந்திதான். ஆறாவதைக் கழற்றிவிட்டார். பெரிய திரையில் அந்தக் கை தெரிந்தது. கணுக்கணுவாக வீங்கிய, இஞ்சி மாதிரியான விரல்கள். அந்த விரல்களால் என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சார்லி வாட்ஸ் இன்னொரு ரகம். சின்ன டிரம்ஸ் செட், கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்தவர் போல முகம். இடது கை ஸ்னேரில் அடிக்கும்போது வலது கை மேலே இருக்கிற சிம்பலைத் தொடாமல் விலகிக்கொள்ளும். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கையும் எதற்காகச் செய்ய வேண்டும் என்கிற அந்த நியாயத்தை முப்பது வருஷம் கடைப்பிடித்தவன் நான். ஆனால் அவர் செய்தால் தாளம் பிசகாமல் நின்றது, நான் செய்தால் மெமோ வந்தது.

நடுவில் மிக் டெய்லர் வந்தார். 1969-ல் இதே பார்க்கில் இருபது வயதில் முதல்முறையாக ஸ்டோன்ஸோடு மேடையேறியவர். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் குழுவின் பழைய கிடார்க்காரர் பிரையன் ஜோன்ஸ் இறந்திருந்தார். அவர் நினைவாக ஜாகர் ஷெல்லியின் கவிதையைப் படித்து, பெட்டி பெட்டியாக வண்ணத்துப்பூச்சிகளைத் திறந்துவிட்டார். பெட்டிக்குள்ளேயே நிறைய செத்துக் கிடந்தன. அந்த டெய்லர் 1974-ல் குழுவை விட்டுப் போய்விட்டார். அதாவது, வி.ஆர்.எஸ். இப்போது உடம்பு பெருத்து, மெதுவாக நடந்து வந்து, ஒரு நீண்ட பாட்டுக்கு வாசித்தார். நான் வேலையை விட்ட பிறகு பழைய கிளைக்குப் போகும்போது, காபி வாங்கிக் கொடுத்து, "சார்தான் அந்தக் காலத்துல லெட்ஜர் பாத்தவரு" என்று புதுப் பையன்களுக்கு அறிமுகம் செய்வார்கள். அதே நிற்பு, அதே சிரிப்பு. ஒரே வித்தியாசம், அவரை வேலையும் செய்ய விட்டார்கள்.

கீத் தனியாக இரண்டு பாட்டுப் பாடுகிற நேரம் ஜாகருக்கு ஓய்வு. எங்களுக்கும்தான். அறுபது கடந்த ஆண்கள் எத்தனை ஆயிரம் பேர் அங்கே இருந்தார்களோ, அத்தனை பேரும் ஒரே திசையில் நடந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் 1969-லும் வந்திருந்தாராம். அன்றைக்கும் இவ்வளவு வரிசையா என்று கேட்டேன். "அன்றைக்கு எனக்குத் தேவைப்படவில்லை" என்றார்.

நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின வருஷம் இதே பார்க்கில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் எழுபது வயது பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கையில், அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். நம்மூர்த் திருவிழாவில் பத்து மணிக்கு எஸ்.ஐ. வந்து ஆர்கெஸ்ட்ராவை நிறுத்துவாரே, அதேதான். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு என் பாட்டைக் கேட்காமல் போவதா?

கேட்டேன். நாற்பத்தைந்து வயதில் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடிக்கொண்டிருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று ஒரு காலத்தில் சொன்ன ஜாகர், கடைசிப் பாட்டாக அதைத்தான் பாடினார். அந்த உறுமல் வந்ததும் அறுபத்தைந்தாயிரம் பேரும் குதித்தார்கள். நானும் குதித்தேன். மொத்தம் மூன்று தடவை. மூன்றாவதில் இடது முழங்காலுக்குள் ஏதோ ஒன்று, பெரிய சத்தமில்லாமல், இடம் மாறியது.

சென்னை திரும்பியதும் டாக்டரிடம் போனேன். சின்னப் பையன். எப்படி ஆச்சு என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ரோலிங் ஸ்டோன்ஸ்" என்றேன்.

"ஸ்டோன்ஸா? கிட்னிலயா, பித்தப்பையிலயா சார்?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்.