மென்பொருள் சோதனைப் பொறியாளர் நேர்காணல்: பேனாப் படலமும் பிறவும்

மென்பொருள் சோதனைப் பொறியாளர் நேர்காணல் என்பது, பிழை கண்டுபிடிக்க ஆள் தேடுவோர், வந்த ஆளிடமே பிழை கண்டுபிடிக்கும் சடங்கு. பினாங்கில் இது பெரும்பாலும் பாயான் லெப்பாஸில், பல் கிட்டும் ஏர்கோன் அறைகளில் நடைபெறும்.

‘டெஸ்ட்’ என்ற சொல் இத்தீவில் இருபொருள் உடையது. 1972இல் இங்கே தடையில்லா வணிக மண்டலம் அமைந்து, அதே ஆண்டில் இன்டெல்லும் வந்தது. அன்று முதல் ‘டெஸ்ட் இன்ஜினியர்’ என்றால் சில்லுகளைக் கருவியில் ஏற்றி, நல்லது கெட்டது பிரிக்கச் செய்பவர். மென்பொருளைச் சோதிப்பவர் பிற்காலத்தவர். விளம்பரத்தில் இருவருக்கும் பெயர் ஒன்றே என்பதால், சில்லுக்காரர் மென்பொருள் நேர்காணலில் அமர்ந்து அரை மணி நேரம் பிசகாமல் விடை சொல்லிவிடுவதும் கூடும். ஏட்டில் இப்படி நேர்ந்தால் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் என்பார்கள். அதைச் செருகியவர் அவர்களாகவே இருந்தாலொழிய.

வினா மூவகைப்படும்: தன்வினா, நூல்வினா, பேனாவினா.

தன்வினா, ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்பது; விடை, ‘அதிகமாக உழைப்பது.’

நூல்வினாவுக்குச் சான்று, கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட நூலின் முக்கோணக் கணக்கு. மூன்று பக்க அளவுகளைக் கொடுத்தால் எவ்வகை முக்கோணம் என்று நிரல் சொல்ல வேண்டும். 1, 2, 3 என்று கொடுத்துப் பார்க்கத் தோன்றியவர் தேறுவார். அவ்வளவுகளில் முக்கோணம் அமையாது.

பேனாவினாவே தலையாயது. மேசைமேல் கிடக்கும் பேனாவைக் காட்டி, ‘இதை எப்படிச் சோதிப்பீர்கள்?’ என்பார் தேர்வாளர். எழுதுமா, தலைகீழாகப் பிடித்தால் எழுதுமா, வெயிலில் கசியுமா, மூடியில் துளை உண்டா என்று விடை விரியும். (குழந்தை மூடியை விழுங்கிவிட்டால் மூச்சு அடைக்காதிருக்கவே அத்துளை, அதற்கு ஐ.எஸ்.ஓ. 11540 என்று மெய்யாகவே ஒரு தரவிதி உண்டு.) ‘பேனா யாருக்கு?’ என்று முதலில் கேட்பதே சரியான விடை என்பது தொல்லாசிரியர் கொள்கை. இங்கே ‘பேனா’ ஆகுபெயராய் எழுதுவோனைக் குறிக்கும் என்பார் ஒரு சாரார். மையைக் குறிக்கும் என்பார் மற்றொரு சாரார். இருவரையும் மறுத்து, குளுகோர் ஒட்டுக்கடையின் மூன்றாம் மேசையில், இரண்டாம் தே தாரிக் ஆறுமுன் உரை சொன்ன பெயரறியா ஆசிரியர், ‘பேனா என்பது பாடபேதம், மூலபாடம் கிளாஸ்’ என்றார். அவ்வுரை எழுதிய காகிதம் ரொட்டி சானாய் எண்ணெய் பட்டு நடுவே படிக்க முடியாமல் போயிற்று. படிக்க முடியாத அந்தப் பகுதியை வைத்து இரண்டு முனைவர் பட்டம் தேறும்.

விடைகளின் குற்றங்களை அறிய நன்னூலின் பத்துக் குற்றங்களே போதும். வேலை தேடுவோரிடம் மிகுதி, மிகைபடக் கூறல்; தேர்வாளரிடம், கூறியது கூறல். மற்றொன்று விரித்தல் ஆய்வாளர்க்கே உரியது.

சம்பளம் எத்தனை வெள்ளி என்பது கடைசியில் வரும், விரைவில் முடியும்.

புறப்படுமுன் காவல் மேசைப் பதிவேட்டில் நேரம் குறித்துக் கையொப்பமிட வேண்டும். அங்கே நூலில் கட்டித் தொங்கும் பேனா எழுதாது.