15 நாள் குருகுலம்

நம் நாட்டில் சட்டம் எழுதுகிறவர்கள் தொழிலாளியின் மூளைக்குக் கொடுக்கும் மரியாதையை வேறு யாரும் கொடுப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டருக்கு ஓராண்டு, ஃபிட்டருக்கு ஈராண்டு என்று வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு. இருபது வருஷம் லைனில் நின்றுவிட்டு, நாற்பத்தைந்து வயதில் கணக்கு முடித்து அனுப்பப்படுகிறவர் அப்படியா? புதுத் தொழில் கற்க அவருக்கு 15 நாள் சம்பளம் போதும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதைத்தான் சொல்கிறது. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, ஆளுக்கு 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதியில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் ஏறிவிடும். (சர்வீஸில் ஆண்டுக்கு 15 நாள் என்ற பழைய இழப்பீடு தனி. அது போனதற்கு, இது படிப்பதற்கு.)

15 நாள் பணம் வர 45 நாள் எதற்கு என்று கேட்பவர்கள் அவசரக்குடுக்கைகள். பொறுமையும் ஒரு திறன்தானே? அதை முதல் பாடமாக வைத்தவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவருடைய அடக்கம் இன்னும் பெரிது. மறுதிறன் நிதிக்கான சட்டப் பிரிவில் பள்ளிக்கூடம் இல்லை, வாத்தியார் இல்லை, அரசு தன் பங்காக இவ்வளவு போடும் என்ற தம்பட்டமும் இல்லை. வேறு வழிகளிலும் பணம் வரலாம் என்று ஓரமாக ஒரு வரி, அவ்வளவுதான். ஏகலைவனுக்காவது மண்ணில் பிடித்துவைத்த குரு ஒருவர் தேவைப்பட்டார். நம் ஆளுக்கு ஏ.டி.எம். ரசீதே குரு. தட்சிணையாகக் கட்டைவிரலைக்கூடக் கேட்கவில்லை பாருங்கள். அதைத்தான் பஞ்சிங் மெஷினிலிருந்து ஏற்கெனவே அழித்தாயிற்றே.

இந்தச் சாமர்த்தியம் பின்லாந்துக்காரர்களுக்கு வராது. சாலோ என்ற ஊரில் நோக்கியா ஆலையை 2012இல் மூடினார்கள். வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சி, வழிகாட்டல், சொந்தத் தொழில் தொடங்க உதவி என்று ஐரோப்பிய ஒன்றியம் 50 லட்சம் யூரோவுக்கு மேல் பொதுப்பணத்தை இறைத்தது. செல்போன் செய்தவனுக்கு இன்னொரு வேலை கற்றுக்கொடுக்க இவ்வளவு செலவா! பாவம், மந்தமான ஜனங்கள். அதே நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படிவத்தின் பெயரே விருப்ப ஓய்வு. இருபத்தைந்து வயதில் ஓய்வை விரும்பும் பக்குவம் உலகில் வேறெந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

நமக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தாராளமயம் வந்த கையோடு 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி என்று ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. வேலை இழப்பவர்களுக்கு மறுபயிற்சி, மறுவேலை என்பது திட்டம். பணத்தில் பெரும்பங்கு பொதுத்துறை ஊழியர்களை வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்புவதற்கே போயிற்று. புதுப்பித்தது சம்பளப் பட்டியலை. வேலை முடிந்த பொருளை வைத்துக்கொண்டிருப்பானேன் என்று 2000இல் நிதியையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு யாரும் 15 நாள் சம்பளம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

புதிய தொகுப்பின் கருணை இதோடு நிற்கவில்லை. 100 பேர் வேலை செய்யும் ஆலைகூட ஆட்குறைப்புக்கு அரசிடம் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருந்தது. இப்போது 300 பேருக்குக் குறைந்தால் அலைச்சல் மிச்சம். அதைவிட மேலான அருள், குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு. கெடு முடிந்து அவர்கள் வெளியே போவது ஆட்குறைப்பே அல்ல என்று சட்டம் வாயாரச் சொல்லிவிட்டது. ஆட்குறைப்பே இல்லாதபோது மறுதிறன் எதற்கு, நிதி எதற்கு? காலையில் கம்பெனி பஸ் தன்னைக் கண்டும் ஏன் நிற்காமல் போகிறது என்பது ஒன்றுதான் அப்படிப் போகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது. அதற்கு 15 நாள்கூட ஆகாது.