18 முடிந்தால் சகலகலா வல்லவர்

நம் மருத்துவமனைகளுக்குப் பிள்ளைகள்மேல் உள்ள நம்பிக்கையை மெச்ச வேண்டும். காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கூலி வேலை பார்க்கிறவரின் மகனுக்கு 8 வயதில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள் என்று கொள்வோம். மாத்திரை எடுத்துக் கொடுத்தது அம்மா, கிரியாட்டினின் கணக்கை நோட்டில் எழுதியது அம்மா, டாக்டரிடம் பேசியதும் அம்மா. 18-வது பிறந்தநாள் விடிந்ததும் பையனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் போட வேண்டும், ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை ஏன் தள்ளிப்போட வேண்டும், எல்லாமே! யாரும் சொல்லித்தராத இந்த ஞானத்தை நம்பித்தான், "இனிமே பெரியவங்க ஓ.பி.க்குப் போப்பா" என்று ஒரு சீட்டோடு அனுப்பிவைக்கிறார்கள்.

வெளிநாட்டு நிபுணர்களுக்கு இந்தத் துணிச்சல் இல்லை. 12, 14 வயதிலேயே பேச்சைத் தொடங்கு, பையனைத் தனியாக டாக்டரிடம் பேசவிடு, குழந்தைகள் டாக்டரும் பெரியவங்க டாக்டரும் சேர்ந்து பார்த்து ஒப்படை என்று 2011-இல் சிறுநீரக மருத்துவச் சங்கங்கள் கூடி எழுதிவைத்தன. 17-லிருந்து 24 வயதுக்குள்தான் மாற்றுச் சிறுநீரகம் அதிகமாகப் பழுதாகிறதாம். மிகச் சரியாக அந்த வயதில் கையை விடுகிறோமே, இந்தத் துல்லியம் யாருக்கு வரும்?

காக்களூர் கம்பெனிகளின் பரிவும் சாதாரணமில்லை. வேலை தேடி வரும் அதே பையனைக் கான்ட்ராக்டில் சேர்த்துக்கொண்டு, இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று மாத்திரைக்கும் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். ஓ.பி. நாளுக்கு லீவு கேட்டால் சம்பளத்தைப் பிடித்து, பணத்தின் அருமையையும் கற்றுக்கொடுப்பார்கள்.

2008-இல் 9 வயதுச் சிறுமிக்காக, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஓர் இதயத்தை 11 நிமிடத்தில் கொண்டுசேர்த்த ஊர் சென்னை. அந்த வேகத்தில் களைத்துப்போனதாலோ என்னவோ, வளர்ந்த பிள்ளையின் ஃபைலை ஒரு டாக்டர் மேசையிலிருந்து இன்னொரு டாக்டர் மேசைக்கு நகர்த்துவதில் மட்டும் நிதானம் காக்கிறோம். நிதானம் பெரியோர் குணம்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1998-இல் டெல்லியில் கல்லீரல் மாற்றப்பட்ட காஞ்சிபுரத்துக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை.

உறுப்பு தந்தவரின் இறுதிச் சடங்குக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை உண்டு. தந்த உறுப்பை ஒரு சீட்டை நம்பி விட்டுவிடுகிறவர்களுக்கும் மேடை போட்டு ஒரு பொன்னாடையாவது போர்த்த வேண்டாமா?