32 ஆம்ப்ஸ் மாப்பிள்ளை

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. கையில என்னமோ பொட்டணம்? ஓ, பிரேக்கருங்களா. 32 ஆம்ப்ஸ். பேஷ். போன வாரம் 10 இருந்துச்சு, ஞாயித்துக்கெழமை 16 ஆச்சு, இன்னைக்கு 32. பொள்ளாச்சிச் சந்தையில மாட்டு வெலைகூட இவ்வளவு வேகமா ஏறி நான் பார்த்ததில்லீங்க.

தென்னந்தோப்புக்கு நடுவுல நீச்சல் குளம் கட்டுனீங்க. கட்டுங்க, உங்க காசு. நாலு எட்டு வெச்சா நம்ம கெணறு தண்ணியோட கெடக்குது. அதையெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீலக்கலர் டைல்ஸு, ஒரு எச்பி பம்பு, ஆசுபத்திரி வாசத்துல தண்ணி. அந்தப் பம்பு பத்து நிமிசம் ஓடுது, பொட்டுனு சுவிட்சு விழுகுது. சுவிட்சு நோஞ்சான்னு சொல்லி நீங்க பெருசு தேடிக் கெளம்பிட்டீங்க. ராத்திரி நாய் கொரைச்சுத் தூக்கம் கெடுதுன்னு, கொரைக்காத நாயாப் பாத்து வாங்கிட்டு வந்தாப்பல.

நீங்க எஞ்சினியரிங் படிச்சவுங்க, நான் அஞ்சாங்கிளாசு. இருந்தாலும் கணக்குப் பாருங்க. ஒரு எச்பின்னா 746 வாட்டு. வீணாப் போறதையும் சேர்த்தா ஆயிரத்தை ஒட்டி வரும். 230 வோல்ட்டுல அஞ்சாறு ஆம்ப்ஸ் இழுக்கும். கெளம்பற நொடியில மட்டும் அதைப்போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். அதைத் தாங்கத்தான் மோட்டாருக்கு ‘சி’ டைப்பு பிரேக்கர் போடறது. ஆறு ஆம்ப்ஸ் குடிக்கிற மோட்டாருக்கு 32 ஆம்ப்ஸ்ல காவல் வெச்சா, வயரு உருகுனாலும் அவரு கண்ணே தொறக்க மாட்டாரு. எங்கப்பாரு காலத்துல பீஸ்கட்டையில கம்பிக்குப் பதிலா ஆணியச் சொருகுன ஒரு புத்திசாலி இருந்தாரு. ஆணிக்கு ஒண்ணும் ஆகலை. மோட்டாருதான் கரியாப் போச்சு.

சுவிட்சு விழுந்தா மொதல்ல கேக்க வேண்டியது, எப்ப விழுகுது? போட்ட ஒடனே டப்புனு அடிச்சா, வைண்டிங் வெந்திருக்கும், இல்லாட்டி வயரு ஒண்ணோடொண்ணு தொட்டிருக்கும். உம்முனு மொனகிக்கிட்டே சுத்தாம நின்னு விழுந்தா, கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லாட்டி இம்பெல்லர்ல கல்லோ குச்சியோ சிக்கியிருக்கும். கெப்பாசிட்டர்ல கைய வெச்சுப்போடாதீங்க. கரண்டை நிறுத்துனதுக்கப்பறமும் உள்ளார சரக்கு வெச்சிருக்கும், அது சொந்தக்காரன்னு பார்க்காது. அரை மணி நேரம் ஓடிப்போட்டு விழுந்தா சூடு. பேரிங் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் கொறைஞ்சிருக்கலாம், பிரேக்கர்ல திருகாணி லூசா இருக்கலாம். நீங்க வேற தகரப் பெட்டிய மேக்க பாத்து வெயில்ல மாட்டி வெச்சிருக்கீங்க. பிரேக்கரோட கணக்கெல்லாம் 30 டிகிரிக்குப் போட்டது. சித்திரை மாசம் அந்தப் பெட்டிக்குள்ள அது என்ன பாடுபடும்னு ஒரு மத்தியானம் தொட்டுப் பாருங்க.

உங்க டவுன் வயர்மேன், பில்டர் அடைச்சுக்கிட்டு லோடு ஏறுதுன்னு சொன்னாராமுல்ல? அவரைக் கூட்டியாந்து டெலிவரி வால்வைப் பாதி மூடி, டாங் டெஸ்டரை மாட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஆம்ப்ஸ் எறங்கும், ஏறாது. இந்தச் சாதிப் பம்பு தண்ணியத் தள்ளுனாத்தான் பாரம். வேலை கொறைஞ்சா சோத்தையும் கொறைச்சுக்கும். உங்களையச் சொல்லலீங்க மாப்ள, பம்பைச் சொன்னேன்.

சரி, கோவிச்சுக்காதீங்க. நேத்து நீங்க மத்தியானத் தூக்கத்துல இருந்தப்ப மெயினை ஆப் பண்ணிப்போட்டுப் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள்ள ரெண்டு சுவிட்சு. நீங்க ரெண்டாவது வாட்டி மாத்தப் போறீங்களே, அது நிமுந்து நிக்குது. விழுந்து கெடக்கறது பக்கத்துல இருக்கறவரு, ‘டி’ன்னு போட்டுக் குட்டிப் பொத்தான் வெச்சவரு. ஈஎல்சிபி! பல்லு வலிக்குதுன்னு போனவனுக்குக் காதுல மருந்து ஊத்துன கதை.

அவரு வேலை வேறீங்க. சந்தைக்குக் காசு குடுத்தனுப்புன அம்மிணி மாதிரி, போன கரண்டு அப்படியே திரும்பி வந்துச்சான்னு எண்ணிக்கிட்டே இருப்பாரு. 30 மில்லி ஆம்ப்ஸ் கொறைஞ்சாப் போதும், கதவைச் சாத்திருவாரு. பம்புக்குப் போற வயரைக் கழட்டுனேன். பேஸை மட்டும் கழட்டுனாப் பத்தாது, நியூட்ரலையும் சேர்த்துக் கழட்டோணும். அப்பறம் சுவிட்சைப் போட்டா நின்னுக்கிச்சு. அப்ப லைன்ல தப்பில்லை, பம்புலதான்.

குனிஞ்சு பார்த்தேன். பம்பும் மோட்டாரும் சேர்ற எடத்துல வெள்ளையா உப்புப் பூத்து, கோடு எறங்கியிருக்குது. கீழ மண்ணு நசநசன்னு. ஒரு தவளை குடும்பத்தோட குடியிருக்குது. சீல் போச்சுங்க. தண்ணி தண்டோடவே வந்து முன் பேரிங்கைத் தாண்டி மோட்டாருக்குள்ள பூந்துருச்சு. பத்து நிமிசம் ஓடறதுக்குள்ள வைண்டிங் நனையுது, கரண்டு பாடிக்குக் கசியுது, அவரு விழுகறாரு. சீல் ஏன் போச்சு? பொங்கலுக்குக் குளத்தைக் கழுவறேன்னு தண்ணிய வடிச்சுப்போட்டு, பம்பை நிறுத்த மறந்து டீக்கடைக்குப் போனீங்களே, நெனப்பிருக்குதா? தண்ணியில்லாம ஓடுனா சீல் காஞ்சு கருகிரும்.

“அந்த ஈஎல்சிபியத் தூக்கிப்போட்டு நேராக் குடுத்தா ஓடுமா மாமா?”ன்னு கேக்கறீங்க. ஓடும். சீரும் சிறப்புமா ஓடும். பேத்தி ரெண்டும் தண்ணிக்குள்ள நிக்கறப்பவும் ஓடும். அந்த 30 மில்லி ஆம்ப்ஸ் கணக்கு மோட்டாருக்குப் போட்டதில்லீங்க, மனுசன் நெஞ்சுக்குப் போட்டது. இதுல மட்டும் என்ற கிட்ட வெளையாட்டு வேண்டாம்.

மோட்டாரைக் கழட்டி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போங்க. சீலும் பேரிங்கும் புதுசாப் போடச் சொல்லுங்க. வைண்டிங்கை நல்லாக் காய வெச்சு, 500 வோல்ட் மெக்கர் போட்டு, ஒரு மெகா ஓமுக்கு மேல காட்டுனாத்தான் வாங்கிட்டு வரோணும். எர்த் வயரையும் பாத்துப்போடச் சொல்லுங்க. அந்த 32ஐ இன்னைக்கே கடையில திருப்பிக் குடுங்க, பில்லு வெச்சிருக்கீங்கல்ல?

அதுவரைக்கும் குழந்தைகளைச் சாயங்காலம் கெணத்துக்கு அனுப்பி வைங்க, நீச்சல் நான் பழக்கறேன். அங்கயும் மோட்டாரை நிறுத்தி, பீஸ்கட்டையப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டுத்தான் எறக்குவேன்.