பாலம் வேண்டாம், முகம் போதும்

கே: வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். டேட்டிங் ஆப்பில் 'அரிகே'யில் சேரவா, 'அன்பே'யில் சேரவா? இரண்டுக்கும் தனித்தனிப் படம் வேண்டுமா?
- வாசகர், காரோடு

ப: இரண்டையும் தொடங்கியது 'ஐல்' என்ற ஒரே நிறுவனம்தான். 2021-ல் மலையாளிகளுக்கு அரிகே வந்தது, பிறகு தமிழர்களுக்கு அன்பே. அதில் கசவு வேட்டி, இதில் பட்டு வேட்டி என்று வேஷம் மாற்ற வேண்டாம். தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், முகம் மாறாது.

கே: மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஐந்து நண்பர்களோடு நிற்கும் படத்தை முதல் படமாக வைக்கலாமா?
- வாசகர், பாறசாலை

ப: படத்தைப் பார்த்தேன். ஆறு பேருக்கும் கூலிங் கிளாஸ், ஆறு பேருக்கும் ஒரே கலர் சட்டை (ஏதோ கல்யாண வீட்டுக்கு எடுத்த துணி போலிருக்கிறது). இடமிருந்து நாலாவது நீங்கள் என்று எனக்கு எழுதிவிட்டீர்கள், பெண்ணுக்கு யார் சொல்வது? அவருக்கு இரண்டாவது ஆளைப் பிடித்துப்போனால் நான் பொறுப்பல்ல. தவிர, 115 அடி உயரப் பாலம் அது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. அதோடு போட்டி வேண்டாம். முதல் படத்தில் நீங்கள் மட்டும், கண் தெரிகிற மாதிரி. பாலத்தை மூன்றாவதாக வையுங்கள். பேச்சைத் தொடங்க உதவும்.

கே: செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. ஃபில்டர் போடலாமா?
- வாசகி, பொழியூர்

ப: மூக்கின் மேல் குற்றமில்லை, கை நீளம் போதவில்லை. ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட, ஓரடி தூரத்தில் எடுத்ததில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள். போனைத் தங்கையிடம் கொடுத்து ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உச்சி வெயில் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம்; சாயங்காலம் வாசல்படியில் விழும் வெளிச்சம் போதும். ஃபில்டர் போட்டீர்களானால், பூவார் படகுத்துறையில் காத்திருப்பவர் உங்களைப் பார்த்தும் வேறு யாரோ என்று வழிவிடுவார்.

கே: ஆண்கள் சிரிக்கணுமா, முறைக்கணுமா?
- வாசகர், நெய்யாற்றின்கரை

ப: ஓகேக்யூப்பிட் தளம் 2010-ல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அலசியது. சிரிக்காமல் வேறெங்கோ பார்க்கும் ஆண்களுக்குத்தான் வரவேற்பு அதிகமாம். அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் அப்படி நின்றால் கேஎஸ்ஆர்டிசி பஸ் வருகிறதா என்று பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள். சிரியுங்கள்.

கே: படத்தில் சினிமா நடிகை மாதிரி இருக்கிறார். பேசி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் கேட்கிறார்.
- வாசகர், காரோடு

ப: அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், நிஜமாகவே ஏதாவது நடிகையாக இருக்கலாம். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். நெட்வொர்க் இல்லை என்பார். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான அந்த எண் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.