ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் ஒரு கறுப்பின டாக்டர்

கேள்வி: 1930-களில் நடக்கும் துப்பறியும் கதையில் கறுப்பின டாக்டரைக் கொண்டுவருவது வரலாற்றைத் திரிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. கறுப்பின மக்களுக்காக 1931-ல் லண்டனில் அமைப்பு தொடங்கிய ஹெரால்டு மூடி, ஜமைக்காவில் பிறந்த டாக்டர்தான்! அகதா கிறிஸ்டியின் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நாவலில் வரும் கர்னல் அர்பத்நாட், கென்னத் பிரானாவின் 2017 படத்தில் டாக்டர் ஆனார். நடித்தவர் கறுப்பின நடிகர் லெஸ்லி ஓடம் ஜூனியர். அந்தக் காலத்து நிறவெறியை மறைத்திருந்தால் அதுதான் திரிப்பு. படம் மறைக்கவில்லை. சிவப்பு ஒயினையும் வெள்ளை ஒயினையும் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்று சாப்பாட்டுப் பெட்டியில் ஒருவர் இனப்பிரிவினை பேசுகிறார். சக பயணி மேரி டெபன்ஹாம் அவர் கண்ணெதிரிலேயே இரண்டையும் கலந்துவிடுகிறாள். டாக்டர் மீதுள்ள காதலை அவள் ஏன் ஒளிக்கிறாள் என்பதற்கும் வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. துப்பறியும் கதையில் எல்லோர் மீதும் சந்தேகம் விழவேண்டும். அதற்கு முதலில் எல்லோருக்கும் டிக்கெட் கொடுக்கவேண்டும்!