பீங்கான் பொறியியல்

பீங்கான் கோப்பையின்மேல் ரப்பர் முத்திரை குத்தி அன்பளிப்பாகக் கொடுப்பது எப்படி என்று சொல்லும் தமிழ் நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. நூலகத்தில் கேட்டேன். கோழி வளர்ப்பு இருக்கிறது, எடுத்துப் போகிறீர்களா என்றார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தச் சிறு நூல். அவையடக்கம் இவ்வளவுதான்.

நூல் எழுந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டு ஏரியோரக் குப்பம் ஒன்றில் நண்பர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பாடு முறையில் வலை போடும் குடும்பம். ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை இறக்கலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் பழைய ஏற்பாடு அது. பெயரின் மதிப்பு தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த ஆறு கோப்பைகள் கொடுப்பது என்று மீஞ்சூரில் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

பொறி என்றால் முத்திரை. இயந்திரம் என்ற பொருள் பெருகி, கல்லூரி கட்டி, கட்டணம் வாங்கத் தொடங்கியதில் இந்தப் பொருள் ஒதுங்கிப் போயிற்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளின்மேல் சோழனின் புலிப்பொறி குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியைச் சரிபார்த்து உடைத்து, உள்ளே உள்ள ஓலையை எடுக்கும் அதிகாரிகள் அகநானூற்றின் 77ஆம் பாட்டில் வருகிறார்கள். ஆகவே மண்பாண்டமும் முத்திரையும் அலுவலரும் சேர்ந்த இந்தத் துறையில் நாம் புதியவர்கள் அல்லர்.

பாண்டத்தின்மேல் யார் பெயரைப் போடுவது என்பதுதான் இத்துறையின் தலையாய சிக்கல். இதற்கு வேற்றுமை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

மிகப் பழையது ஆறாம் வேற்றுமை, அதாவது உடைமை. கீழடியில் 2017-18இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் கிடைத்ததாகத் தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஆதன், குவிரன் என்பன போன்ற பெயர்கள். சுட்ட பிறகு, பானையின் தோளில், கையெழுத்துக்குக் கையெழுத்து வேறுபாடு தெரியக் கீறியவை. எனவே எழுதியவர் குயவர் அல்லர், வாங்கிக்கொண்டு போனவர். இதைத் தமிழரின் எழுத்தறிவுக்குச் சான்றாக அறிஞர்கள் காட்டுகிறார்கள். சரிதான். அக்கம்பக்கத்தார் பானையைத் திருப்பித் தர மாட்டார்கள் என்பதற்கும் அதுவே சான்று என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டதற்கு நாகரிகம் காரணமாக இருக்கலாம்.

இந்த நம்பிக்கையின்மை கடல் கடந்தும் போயிருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். உறியில் தொங்கும் பானை என்று பொருள். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. பானையின்மேல் பானை என்று எழுதி வைத்த முன்னோரின் முன்யோசனையை இன்றைய அன்பளிப்புக் கடைகளில் காண முடியவில்லை. கோப்பையின்மேல் ‘உலகின் மிகச் சிறந்த அப்பா’ என்றுதான் எழுதுகிறார்கள். கோப்பை என்று எங்கும் இல்லை.

அடுத்தது மூன்றாம் வேற்றுமை: இன்னாரால் செய்யப்பட்டது. 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பாண்டங்கள் கிடைத்தன. அடியில் குயவர் முத்திரை. ரோமானியக் குயவருக்குப் புதுச்சேரிப் பக்கத்தில் கிளை இல்லை என்றாலும் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. இதே வேற்றுமைதான் நம் தலைக்கு மேலும் இருக்கிறது. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து, மங்களூர் ஓடு ஒவ்வொன்றும் செய்தவன் பெயரைச் சுமந்துகொண்டுதான் கூரை ஏறுகிறது. சூளைச் செங்கல்லின் வயிற்றுக் குழியில் முதலாளியின் தலைப்பெழுத்து இருக்கும். பூச்சு வேலை முடிந்ததும் யார் கண்ணுக்கும் தெரியாது. தன் பெயர் தெரியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு கல்லிலும் குத்துகிற அந்த மன உறுதி ஆய்வுக்குரியது. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல்லிலும் பெயர் உண்டு. அது சூளையில் சுடாத கல் என்பதால் பீங்கான் குலத்தில் சேராது.

இந்த வட்டாரத்துக்கே உரிய வகை ஒன்று உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். அவர்களுடைய கம்பெனியின் முத்திரை வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகளின் பின்னல். பீரங்கியிலும் காசிலும் அதே பின்னல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் அரிட்டாவில் சொல்லிச் செய்வித்த நீல வெள்ளைத் தட்டின் நடுவிலும் அதே பின்னல். அந்தத் தட்டைப் பார்க்கும் தமிழருக்கு முதலில் தூத்துக்குடிதான் நினைவுக்கு வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடைய வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியது 1906இல். இவர்கள் தொடங்கியது 1602இல். நம்மவர் கம்பெனியால் சிறைக்குப் போனார். இவர்கள் இந்தக் கரையிலிருந்து துணியோடு மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். தட்டில் அது பற்றிக் குறிப்பு இல்லை. பூ வேலைப்பாடு இருக்கிறது. தன் பெயரைத் தானே பொறித்துத் தனக்கே கொடுத்துக்கொள்வது எந்த வேற்றுமையில் அடங்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐரோப்பியக் குடும்பங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் தங்கள் குலச் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து சீனத்துக்கு அனுப்பித் தட்டு செய்யச் சொல்வார்கள். இங்கே சிவப்பு, இங்கே நீலம் என்று வரைந்தவர் ஓரத்தில் குறித்திருந்தால், அந்தக் குறிப்பையும் சீனக் கலைஞர் அப்படியே தட்டில் எழுதிவிட்ட கதைகள் உண்டு. இதைப் பிழை என்பார்கள். கொடுத்த படிவத்தில் உள்ளதை உள்ளபடி படியெடுப்பதைப் பிழை என்றால் நம் அலுவலகங்கள் என்ன ஆவது?

நம் காலத்தில் வெற்றி பெற்றது எழுவாய் வேற்றுமை. எவர்சில்வர் வந்தது, பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் மெஷின் வந்தது, அதோடு பெறுபவர் பெயர் ஒழிந்தது. குடத்தைத் திருப்பிப் பாருங்கள். கொடுத்தவர் பெயர், அவருடைய தலைப்பெழுத்து, குடும்பத்தார், ஊர், தேதி. வாங்கிக்கொண்டவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. இதை ஆணவம் என்று சொல்பவர்களுக்கு மொய் நோட்டின் இலக்கணம் தெரியாது. குடம் என்பது கொடுத்தவர் திருப்பி எதிர்பார்க்கும் குடத்துக்கான ரசீது.

ரப்பர் முத்திரைக் கோப்பை மட்டுமே நான்காம் வேற்றுமை: இன்னாருக்கு. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடையை முதலில் வைத்துப் பகையை அடுத்ததாக வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இந்த எச்சரிக்கையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

இனி செய்முறை.

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, “என்ன ஆபீஸ் சார்?” என்றார்.

“கல்யாணம்.”

“மண்டபமா?”

“இல்லை. கப்பு.”

கொஞ்சம் யோசித்தார். “வட்டமா, நீளமா?” என்றார். வட்டம் என்றேன். “பேர் சொல்லுங்க.” சொன்னேன். “டெசிக்னேஷன்?” மணமகள் என்றேன். எழுதிக்கொண்டார். மறுநாள் கிடைத்த முத்திரையில், வட்டத்தின் மேல்வளைவில் மணமக்கள் பெயர், கீழ்வளைவில் குப்பத்தின் பெயர், இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரம், நடுவில் ‘மணமகள்’, அதன்கீழ் ‘தேதி’ என்று போட்டுப் புள்ளிக்கோடு. கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தார். அழகுணர்ச்சியைவிட அனுபவம் பெரியது என்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் அறிய வேண்டியது, ஸ்டாம்ப் பேடில் உள்ள ஊதா மை காகிதத்துக்கானது. காகிதம் குடிக்கும், பீங்கான் குடிக்காது. அதன் மேற்பூச்சு கண்ணாடிக்கு உறவு. ஊதா மை அதன்மேல் முத்துமுத்தாக நிற்கும், காய்ந்தது போல் நடிக்கும், முதல் டீயில் இறங்கிப் போகும். சோதனைக்கு எடுத்த கோப்பையில் அரை நாள் டீ குடித்துவிட்டு, தேர்தலில் எல்லா விரலாலும் ஓட்டுப் போட்டவன் போல் இருந்தேன். பீங்கானுக்கென்றே பெயின்ட் விற்கிறது; அதுதான் வேண்டும். கோப்பையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பெயின்டில் முத்திரையை முக்கக் கூடாது. ஸ்பாஞ்சில் தொட்டு முத்திரைமேல் மெல்ல ஒற்ற வேண்டும்.

கோப்பை உருண்டை, முத்திரை தட்டை. அழுத்தினால் நடுப்பகுதி மட்டும் விழும். மணமகள் இருப்பார், ஊர் இருக்காது. இதற்கு வழி, முத்திரையை மல்லாத்தி மேசைமேல் வைத்துக் கோப்பையை அதன்மேல் ஒரே சீராக உருட்டுவது. வாழ்நாள் முழுக்கக் காகிதத்தின்மேல் முத்திரை குத்திய கை, முத்திரையின்மேல் பொருளைக் குத்தப் பழக நாளாகும். தவறினால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி உருட்டலாம். சிலேட்டுக்குப் பிறகு இந்தச் சலுகையைத் தந்த பரப்பு பீங்கான்தான்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: புள்ளி. பெயின்ட் மிகுந்தால் புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் விழவே விழாது. ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். நமக்கு ரப்பர் அதையே செய்கிறது. செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். புள்ளி விழாவிட்டால் செலவி. கல்யாணக் கோப்பையில் இது அச்சுப்பிழையாகத் தெரியாது, பெண்ணைப் பெற்றவர் சொன்ன உண்மையாகத்தான் தெரியும்.

பிறகு சுட வேண்டும். உண்மையான பூச்சுமேல் வண்ணம் சூளையில் 700 முதல் 850 டிகிரி வரை கேட்கும். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் இரண்டே நிலையம் தள்ளி, அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்து உலைகளில் அதைவிடக் கூடுதலான வெப்பம் இரவும் பகலும் வீணில்லாமல் எரிகிறது. ஆறு கோப்பைக்காக அங்கே விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டு வேலைக்கான பெயின்டுக்கு 150 டிகிரி, அரை மணிக்குச் சற்று மேல் போதும். கோப்பையைக் குளிர்ந்த அடுப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டும், உள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். பேக்கரிக்காரர் ஒருவர் கடைசி முட்டை பப்ஸ் இறங்கி அடுப்பு ஆறிய பிறகு இடம் கொடுத்தார். முத்திரை பிடித்தது. வாசமும் பிடித்தது.

உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழேதான் முத்திரை இருக்க வேண்டும், உட்புறம் கூடவே கூடாது. சில வண்ணங்களில் ஈயம் உண்டு. புளி அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ரசம் குடிக்கிற நாட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கல்யாணத்தன்று பெட்டியைத் திறந்தார்கள். பெண்ணின் அத்தை ஒரு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாண்ணா இது, வட்டமா சீலு குத்திக் கீது?”

“பேர் போட்டிருக்கேம்மா.”

“அது சரி. எங்க வூட்டுக்கே இன்னும் பட்டா வர்ல. கப்புக்கு வந்துடுச்சா?”

அதற்குள் ஒரு பெரியவர் புள்ளிக்கோட்டைக் கவனித்துவிட்டார். இதில் யார் கையெழுத்துப் போட வேண்டும், பேனாவில் போட்டால் நிற்குமா என்று விசாரித்தார். நிற்காது என்று விளக்கினேன். அப்போது இது செல்லாது என்றார். கோப்பைகள் முறையாகப் பெறப்பட்டன. மொய் நோட்டில் ‘சீல் வச்ச கப்பு 6’ என்று எழுதினார்கள்.

வேற்றுமைக் கணக்கில் நான் விட்டுவிட்டது ஐந்தாவது. நீங்கல் பொருளில் வருவது. ஆடி மாதம் பழவேற்காட்டுக்கு இறால் வாங்கப் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். ஆறு கோப்பைகளும் டிவிக்கு மேலிருந்த கண்ணாடி அலமாரியில், முத்திரை தெரிய, வரிசையாக நின்றன. அவற்றில் யாரும் குடிப்பதில்லை. அரசாங்கப் பொருள் மாதிரி இருக்கிறதாம். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. பழக்கத்தால் உயர்த்தி அடியைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. என் அப்பாவின் தலைப்பெழுத்து, பெயர், மீஞ்சூர், 1987. என் அக்காள் கல்யாணத்தில் பந்திக்கு எடுத்து, எண்ணும்போது ஒன்று குறைந்து, சமையற்காரர்மேல் பழி போட்ட டம்ளர் செட்.

“சர்க்கரை போதுமாண்ணா?” என்றார் பெண்ணின் அம்மா.

போதும் என்றேன். குடித்துவிட்டுக் கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்தேன். எழுத்து மேலே தெரியும்படியாக.